விற்கப்போகும் வீட்டின் உட்சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டை விற்பதென்று முடிவானதும் பெரும்பாலானவர்கள் முதலில் ஷேடு கார்டை, அதாவது பெயின்ட் நிறங்களின் மாதிரி அட்டையை, விரித்துக்கொண்டு உட்காருகிறார்கள். அதைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன: தரை, ஜன்னல், விளக்கு, அப்புறம் சுவரின் உடம்பு. இந்த நான்கையும் பார்த்து முடித்தால், ஷேடு கார்டில் இருக்கும் நூற்றுக்கணக்கான நிறங்களில் உங்கள் வீட்டுக்கு ஆகும் நிறங்கள் நாலைந்துதான் மிஞ்சும். அதில் ஒன்றை எடுப்பது சுலபம்.

நாம் குடியிருக்க அடிக்கும் பெயின்ட் வேறு, விற்பதற்காக அடிக்கும் பெயின்ட் வேறு. குடியிருக்கும் வீட்டில் நம் மனசுக்குப் பிடித்த நிறமே சரியான நிறம். விற்கும் வீட்டைப் பார்க்க வருபவரோ கட்டிலை எங்கே போடலாம், மேசை எந்தப் பக்கம் வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடப்பார். அந்த நேரத்தில் சுவர் குறுக்கே வந்து பேசக் கூடாது. வெளியே போன பிறகு "நல்ல வெளிச்சமான வீடு" என்று அவர் சொல்லி, சுவரின் நிறம் மட்டும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை என்றால், நீங்கள் சரியான நிறத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

முதலில், எந்தச் சுவர்களை அடிக்க வேண்டும்?

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய், வீடு பார்க்க வருபவர் போல உள்ளே வாருங்கள். பல வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கறை தெரியாது. அதனால் முடிந்தால் உங்கள் வீட்டுக்கு அதிகம் வராத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் கண் எங்கே நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொதுவாகக் கண் நிற்கும் இடங்கள் இவை: சுவிட்சைச் சுற்றிக் கைபட்டுக் கறுத்த இடம், கட்டிலில் சாய்ந்து உட்காரும்போது தலை படும் இடம், அடுப்புக்கு மேலே எண்ணெய்ப்பசை, படம் மாட்டியிருந்த இடத்தில் தெரியும் வெளிறிய சதுரம். அடர்ந்த சிவப்பு, ஊதா, பச்சை என்று ஒரு அறை தனியாகத் தூக்கலாக நின்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் பெயின்ட் தேவைப்படாது. கழுவக்கூடிய எமல்ஷன் (நீர்வகைப் பெயின்ட்) அடித்த சுவர் என்றால் மென்மையான பஞ்சு, வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, இவை போதும். ஆனால் கறை இருக்கும் இடத்தில் மட்டும் பழைய டப்பாவில் மிச்சம் இருந்த பெயின்டைத் தொட்டு வைக்காதீர்கள். சுவரில் இருக்கும் நிறம் வெயிலிலும் தூசியிலும் மாறியிருக்கும். டப்பாவில் இருப்பது மாறியிருக்காது. திட்டுத் திட்டாகத் தெரியும். அடித்தால் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுச் சுவரும் அடிக்க வேண்டும்.

பணம் கையைக் கடிக்கிறது என்றால் என் வரிசை இது: நுழைந்ததும் தெரியும் ஹால், அடுத்து சமையலறை, அதற்கடுத்து தூக்கலான நிறம் உள்ள படுக்கையறை. சீலிங்கை மட்டும் மறந்துவிடாதீர்கள். சுவர் புதிதாகிவிட்டால், நேற்று வரை பரவாயில்லை என்று தோன்றிய சீலிங் இன்று பழுப்பாகத் தெரியும்.

சுவரின் உடம்பைப் பாருங்கள்

ஓதம் ஏறிய சுவரின் மேல் எந்த நிறமும் நிற்காது. சுவரில் வெள்ளையாக மாவு போல உப்புப் பூத்திருந்தால், உள்ளே ஈரம் நடமாடுகிறது என்று அர்த்தம். நீர் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு நின்றுவிடுகிறது. குழாய்க் கசிவா, கூரைக் கசிவா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று கண்டுபிடித்து அதை நிறுத்தி, சுவரைக் காயவிட்டு, உப்பைச் சுரண்டி எடுத்த பிறகே பெயின்ட்.

இதில் நான் கறாராகவே சொல்வேன். கசிவை மறைக்கப் பெயின்ட் அடித்து விற்காதீர்கள். அடுத்த மழையில் அது வெளியே வரும். அப்போது அந்தச் சுவருக்குப் பக்கத்தில் வேறொரு குடும்பம் படுத்திருக்கும். விற்பவர் தனக்குத் தெரிந்த பெரிய குறையை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள், மற்ற சுவர்கள் பழையதாக இருக்க ஒரு மூலை மட்டும் புதுசாக மின்னுவதைப் பார்த்தாலே அங்கே கையை வைத்துப் பார்ப்பார்கள். சரிசெய்து, என்ன செய்தீர்கள் என்று சொல்லிவிடுவதே உங்களுக்கும் நிம்மதி.

ஓதம் இல்லாத சுவர் என்றால் வேலை எளிது. ஆணித் துளைகளையும் விரிசல்களையும் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பட்டி வைத்த இடங்களுக்குப் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடியுங்கள். பிரைமர் அடிக்காத பட்டி, பெயின்டை மற்ற இடத்தைவிட அதிகமாக உறிஞ்சும். எத்தனை கோட் அடித்தாலும் அந்த இடம் மங்கலாகத் தெரியும். புதிதாகச் சிமென்ட் பூசிய சுவர் குறைந்தது நாலு வாரம் காயட்டும். பளபளப்பான எனாமல் அடித்திருக்கும் சுவரைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிப் பிரைமர் அடிக்காமல் எமல்ஷன் அடித்தால், பிற்பாடு தோல் போல உரிந்து வரும்.

ஒரு எச்சரிக்கை. மிகப் பழைய வீடுகளின் பெயின்ட் அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். அதை உலரத் தேய்த்தால் பறக்கும் தூசி, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஆபத்து. வீடு அவ்வளவு பழையது என்றால் தேய்க்கும் முன் சோதித்துப் பாருங்கள்.

தரைதான் நிறத்தை முடிவு செய்கிறது

இனி தேர்வுக்கு வருவோம். வீட்டில் நீங்கள் மாற்றப் போகாத பொருட்களைப் பட்டியல் போடுங்கள்: தரை ஓடு, குளியலறை டைல்ஸ், சமையல் மேடைக் கல், அலமாரிக் கதவுகள், மர நிலை. சுவர் நிறம் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும். ஷேடு கார்டில் தனியாகப் பார்க்க அழகாக இருக்கும் நிறம் இவற்றின் பக்கத்தில் வந்ததும் வேறு ஆளாக மாறிவிடும்.

எங்கள் வீட்டை விற்ற சமயத்தில் இதை நேரடியாகப் பார்த்தேன். கார்டில் சுத்தமான இளம் சாம்பல் நிறம் ஒன்று, எல்லோருக்கும் பிடித்திருந்தது. தரை மஞ்சள் கலந்த சந்தன நிற ஓடு. ஹாலின் ஒரு பக்கம் அடித்து முடித்ததும் பார்த்தால், சுவர் இளம் ஊதாவாக நிற்கிறது! கடையில் தப்பாகக் கலந்துவிட்டார்கள் என்றே நினைத்தோம். அதே பெயின்டை ஒரு வெள்ளை அட்டையில் தடவி வெளியே எடுத்துப்போய்ப் பார்த்தால் சாம்பல்தான். ஒரு சுவரையும் மூன்று நாளையும் இழந்த பிறகு சூடான சாயல், அதாவது மஞ்சளோ சிவப்போ இலேசாகக் கலந்த சாயல், கொண்ட நிறத்துக்கு மாறினோம்.

இந்தச் சிக்கல் பழையது. பிரான்ஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம் வந்த புகார்களில் ஒன்று, நீல, ஊதாத் துணிகளில் நிழலுக்காக நெய்யப்படும் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்பது. அவர் அந்த நூலை மற்ற இடங்களின் நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. இரண்டு நிறங்கள் அருகருகே இருக்கும்போது கண் ஒவ்வொன்றையும் மற்றதன் எதிர்நிறத்தை நோக்கித் தள்ளிப் பார்க்கிறது என்று அவர் 1839இல் விரிவாக எழுதினார். மஞ்சளுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது நீலமும் ஊதாவும். எங்கள் சுவருக்கு நடந்ததும் அதுதான்.

அதனால் அடிச்சாயலைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். வெள்ளை, சந்தனம், சாம்பல் என்று பெயர் எதுவாக இருந்தாலும், ஒவ்வொன்றின் அடியிலும் மஞ்சளோ, ரோஜாவோ, பச்சையோ, நீலமோ கொஞ்சம் ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, நிறச்சீட்டை அச்சுக்குப் பயன்படும் வெறும் வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள்; ஒளிந்திருப்பது வெளியே வந்துவிடும். மற்றொன்று, ஒரே பட்டையில் ஐந்தாறு நிறங்கள் அச்சிட்டிருந்தால் கடைசியில் இருக்கும் அடர்ந்த நிறத்தைப் பாருங்கள். மேலே இருக்கும் வெளிர்நிறம் பெரும்பாலும் அதே குடும்பம். தரை ஓட்டையும் இதே வெள்ளைத் தாளை வைத்துச் சோதியுங்கள். தரை சூடான சாயல் என்றால் சுவரும் சூடான பக்கமே இருக்கட்டும். தரை நீலச் சாம்பல் என்றால் மஞ்சள் தூக்கலான சந்தனம் வேண்டாம்.

வெளிச்சம்

ஒவ்வொரு அறையையும் காலை, நண்பகல், மாலை, விளக்கு போட்ட பின் என நான்கு வேளை பாருங்கள். கிழக்கு ஜன்னல் காலையில் மஞ்சளும் பிற்பகலில் குளிர்ந்த ஒளியும் தரும். மேற்கு ஜன்னல் மாலையில் ஆரஞ்சு ஒளியைக் கொட்டும். ஏற்கெனவே மஞ்சள் கலந்த சுவர் அப்போது கனமாகத் தெரியும். பூமத்திய ரேகைக்கு வடக்கே தள்ளி இருக்கும் ஊர்களில் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் அதிகம் வராது, ஒளி சற்று நீலமாக இருக்கும். தெற்கே தள்ளி இருக்கும் ஊர்களில் தெற்கு ஜன்னல் அப்படி. ஜன்னலுக்கு வெளியே மரம் இருந்தால் உள்ளே பச்சை வரும். பக்கத்து வீட்டின் செங்கல் சுவர் இருந்தால் சிவப்பு வரும்.

விளக்குகளையும் கவனியுங்கள். பல்பின் உறையில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள் ஒளி, 4000 நடுவில், 6500 நீலம் கலந்த வெள்ளை. ஒரே அறையில் இரண்டு வகை இருந்தால் ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும். நிறம் தேர்ந்தெடுக்கும் முன்பே எல்லா அறைக்கும் ஒரே எண் உள்ள பல்புகளைப் போட்டுவிடுங்கள். பெயின்டைவிடச் செலவு குறைந்த திருத்தம் இது.

இப்போது ஷேடு கார்டைத் திறக்கலாம்

நிறத்தின் விவரத்தில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது என்பதற்கான அளவு அது. கறுப்பு 0, முழு வெள்ளை 100. கடையில் கிடைக்கும் வெள்ளைகள் பெரும்பாலும் 80க்கு மேலே இருக்கும். விற்கும் வீட்டின் சுவருக்கு 65 முதல் 80 வரை நல்ல இடம் என்பது என் கணிப்பு. அதற்குக் கீழே போனால் அறை சுருங்கியதாகத் தோன்றும். அதற்கு மேலே போனால் நல்ல வெயில் வரும் அறை கண்ணைக் கூசும், போட்டோவிலும் சுவர் வெறும் வெள்ளையாக எரிந்துவிடும்.

இருட்டான அறைக்கு வெள்ளை அடித்தால் வெளிச்சமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். திருப்பித் தர ஒளி வந்தால்தானே சுவர் திருப்பித் தரும்? ஒளி குறைந்த அறையில் தூய வெள்ளை, அழுக்குச் சாம்பலாகத் தெரியும். அங்கே கொஞ்சம் சூடான சாயல் கலந்த வெளிர்நிறமும் நல்ல விளக்கும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

எந்தக் குடும்பம் என்று கேட்டால், மணலும் சாம்பலும் கலந்தாற்போன்ற வெளிர்நிறங்களை முதலில் சோதிக்கச் சொல்வேன். பல வகைத் தரைகளோடும் மரத்தோடும் அவை ஒத்துப்போகின்றன. மஞ்சள் தூக்கலான கிரீம் வீட்டை வயதாக்கிக் காட்டும். நீலச் சாம்பல் பல அறைகளில் குளிர்ந்து வெறிச்சென்று ஆகிவிடும். இந்த வருஷ நாகரிக நிறம் எது என்று தேட வேண்டாம். வாங்குபவருக்கு அடுத்த வருஷமும் அந்தச் சுவரோடு வாழ வேண்டியிருக்கிறது.

சுவரில் அடிக்கும் முன் அட்டையில் அடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். போன் திரையில் பார்த்து நிறம் முடிவு செய்வது கூடவே கூடாது. ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு நிறம் காட்டும்.

மிஞ்சிய நாலைந்து நிறங்களில் மூன்றை எடுத்து, அவற்றின் சின்ன டப்பாவை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி கெட்டியான வெள்ளை அட்டை மூன்று எடுத்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டு, நடுவில் இரண்டு கோட் அடியுங்கள். அந்த வெள்ளை ஓரம், சுவரின் பழைய நிறம் உங்கள் கண்ணை ஏமாற்றாமல் தடுக்கும். பெயின்ட் காய்ந்ததும் நிறம் மாறும், ஆகவே ஈரத்தில் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். காய்ந்த அட்டையைப் படுக்கவைக்காமல் சுவரோடு செங்குத்தாக நிறுத்துங்கள். தரைக்குப் பக்கத்தில், நிலைக்கதவுக்குப் பக்கத்தில், இருட்டு மூலையில் என்று இரண்டு நாள் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். மூன்று அட்டைகளையும் ஒரே நேரத்தில் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இரண்டு நிறங்களுக்கு நடுவில் தடுமாறினால் வெளிறியதை எடுங்கள். நான்கு சுவரிலும் அடித்தபின் ஒரு சுவரின் நிறம் மற்றச் சுவரில் பட்டுத் திரும்பும். அட்டையில் பார்த்ததைவிட அடர்ந்து தெரியும்.

எந்த அறைக்கு என்ன?

ஹால், நடை, சாப்பாட்டு இடம், சமையலறை இவை ஒன்றுக்கொன்று தெரியும்படி இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் அடியுங்கள். கண் எங்கும் தடங்கி நிற்காமல் கடைசிச் சுவர் வரை போகும். வீடு பெரிதாகத் தோன்றும். பெயின்ட் வாங்குவதும் எளிது. ஒரு சுவருக்கு மட்டும் பளிச்சென்ற நிறம் அடிக்கும் பழக்கத்தை விற்கும் வீட்டில் விட்டுவிடுங்கள்.

படுக்கையறைக்குக் கொஞ்சம் மென்மை சேர்க்க ஆசை என்றால், பச்சைச் சாம்பல் சாயல் உள்ள மிக வெளிறிய நிறம் பரவாயில்லை. குளியலறையில் டைல்ஸ் சொல்வதைக் கேளுங்கள்: டைல்ஸில் இருக்கும் மிக வெளிறிய நிறத்தைப் பிடித்துச் சுவருக்குக் கொடுத்தால், பிடிக்காத டைல்ஸ்கூட வேண்டுமென்றே வைத்ததுபோல ஆகிவிடும். சீலிங் எங்கும் மேட் (பளபளப்பில்லாத) வெள்ளை.

பாலிஷ் போட்ட நல்ல மரக் கதவை விட்டுவிடுங்கள், அதன்மேல் பெயின்ட் வேண்டாம். பெயின்ட் அடித்த கதவு என்றால், எண்ணெய் வகை வெள்ளை எனாமல் நாளடைவில், அதுவும் வெளிச்சம் குறைந்த இடத்தில், மஞ்சளாகும் என்பதை நினைவில் வையுங்கள். நீர்வகை எனாமலில் அந்தத் தொல்லை குறைவு.

பளபளப்பு எவ்வளவு?

பளபளப்பு கூடக் கூடச் சுவரின் மேடுபள்ளம் தெரியும், ஆனால் துடைக்க எளிது. மேட் குறைகளை மறைக்கும், தேய்த்தால் தடம் விழும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் கழுவக்கூடிய மேட்; சமையலறைக்கும் குளியலறைக்கும் இலேசான பளபளப்பு. பக்கவாட்டில் ஜன்னல் ஒளி விழும் பழைய சுவருக்குப் பளபளப்பு வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு பட்டித் திட்டும் நிழல் காட்டும்.

எவ்வளவு வாங்குவது?

ஓர் எடுத்துக்காட்டு. 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. கதவு 21, இரண்டு ஜன்னல் 32 கழித்தால் 387. இரண்டு கோட்டுக்கு 774 சதுர அடி. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 100 முதல் 120 சதுர அடி வரும் என்று வைத்தால், ஆறரை முதல் ஏழே முக்கால் லிட்டர். டப்பாவில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அடர்ந்த சிவப்பு, நீலம் மேல் வெளிர்நிறம் அடிப்பதானால் முதலில் வெள்ளைப் பிரைமர் ஒரு கோட். அதைத் தவிர்த்தால் மூன்று, நான்கு கோட் வரை போகும். ஒரு அறைக்கான டப்பாக்கள் எல்லாம் ஒரே பேட்ச் எண்ணாக, அதாவது ஒரே தடவையில் தயாரானதாக, இருக்கட்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

கடைசி வாரங்கள்

நீர்வகை எமல்ஷன் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. அடுத்த கோட் சுமார் நாலு மணி நேரம் கழித்து, ஈரப்பதம் அதிகம் என்றால் இன்னும் தாமதமாக. ஆனால் முழுசாக இறுகச் சில வாரம் ஆகும். அதனால் வீடு பார்க்க ஆட்கள் வருவதற்கு மூன்று வாரம் முன்பே வேலையை முடித்து, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பெயின்ட் வாடை அடிக்கும் வீட்டில் வருபவர் நின்று நிதானமாகப் பார்க்க மாட்டார்.

போட்டோவைப் பகலில், திரைகளை விலக்கி எடுங்கள். மஞ்சள் பல்பும் வெயிலும் கலந்தால் கேமரா குழம்பிவிடும். ஜன்னல் ஒளி போதுமானால் விளக்கை அணைத்துவிடுங்கள். எடுத்த படத்தைச் சுவர் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தில் ஒரு நிறமும் நேரில் இன்னொரு நிறமுமாக இருந்தால், வருபவருக்கு மற்ற விஷயங்களிலும் சந்தேகம் வரும்.

மிஞ்சிய பெயின்டை மூடி இறுக்கி, டப்பாவின் மேல் அறையின் பெயர், ஷேடு எண், அடித்த தேதி மூன்றையும் எழுதி அலமாரியில் வையுங்கள். சாவி கொடுக்கும் அன்று வாங்கியவரிடம் அதையும் காட்டிவிடுங்கள். சாமான் ஏற்றும்போது சுவரில் உராயும் கோடுகளுக்கு முதல் வாரத்திலேயே அது அவருக்குத் தேவைப்படும்.